நடுவில் நிற்கும் மாணவருக்கு எந்தக் கல்லூரி?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் மூன்று செய்திகள் தவறாமல் இடம்பெறுகின்றன: மாவட்டவாரியான தேர்ச்சி விகிதம், பாடவாரியாக நூற்றுக்கு நூறு பெற்றவர்களின் எண்ணிக்கை, தேர்ச்சி பெறாதவர்களுக்கான துணைத் தேர்வு அறிவிப்பு. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு கைவிட்டது. ஆனால், சாலையோரப் பதாகைகளில் பள்ளிகள் அந்த வழக்கத்தை இன்னும் கைவிடவில்லை. உச்சத்தில் நிற்பவர்களுக்கு வாழ்த்து, தவறியவர்களுக்கு ஆறுதல் என்று நம் கவனம் இரு முனைகளிலேயே தீர்ந்துவிடுகிறது. 2025-இல் தேர்வெழுதிய ஏறத்தாழ 7.92 லட்சம் மாணவர்களில் 7.53 லட்சம் பேர், அதாவது 95.03 சதவீதத்தினர் தேர்ச்சி பெற்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இவ்விரு முனைகளிலும் இல்லை, நடுவில் நிற்கிறார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த நடுத்தர மதிப்பெண்காரர்கள் முன்னிருந்த கேள்வி, கல்லூரிக்குப் போவதா, வேலைக்குப் போவதா என்பது. இன்று அந்தக் கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்டது. 2021-22 ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி தமிழ்நாட்டின் மொத்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரியோ 28.4 சதவீதம். ஆக, இப்போதைய கேள்வி எந்தக் கல்லூரி என்பதே. இந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் ஏற்பாடுகளோ முதல் வரிசை மாணவரை மனத்தில் வைத்தே அமைந்திருக்கின்றன.

கடந்த ஆண்டு ஜூன் நடுவில் சரக்கு வாகனம் ஓட்டும் ஒருவர் தம் மகனையும் ஒரு நெகிழிக் கோப்பையும் அழைத்துக்கொண்டு வந்தார். 'அழைத்துக்கொண்டு' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மகனைவிட அந்தக் கோப்பை அவர் பத்திரமாகப் பிடித்திருந்தார். மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். மொத்த மதிப்பெண் 372. தமிழ் 84, ஆங்கிலம் 61, இயற்பியல் 52, வேதியியல் 55, கணிதம் 49, கணினி அறிவியல் 71. பள்ளியிலேயே பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். ஆனால், அதற்குள் இடைத்தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்து, கணினிப் பொறியியல் இடங்கள் இன்னும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று சொல்லி, ஒரு தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் 25,000 ரூபாய் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் வாங்கிக் கொடுத்துவிட்டார். கோப்பில் இருந்தவை நகல்கள் மட்டுமே. "சேர்த்தாச்சு சார், இனி கடன் எங்கே வாங்கறதுன்னுதான் கேட்க வந்தேன்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் நம் உயர்கல்விச் சேர்க்கை முறையின் பல ஓட்டைகள் அடங்கியிருக்கின்றன.

முதலில், 372 என்ற எண். அதைக் கேட்டவுடன் 'சராசரி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், எந்தக் கல்லூரியும் அந்த மொத்த எண்ணைக் கொண்டு இடம் தருவதில்லை. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100 என 200-க்குக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் இந்த மாணவரின் கட்-ஆஃப் 102.5. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்களை நீக்கிவிட்டு மற்ற நான்கு பாடங்களை 400-க்குப் பார்க்கிறார்கள். அதில் இவருக்கு 227. தமிழ் இலக்கியம் படிக்க விரும்பினால் தமிழ்ப் பாடத்தின் மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. அங்கே இவருக்கு 84. ஒரே மாணவர் ஒரு வரிசையில் கடைசிக்கு அருகிலும் இன்னொரு வரிசையில் நடுவிலும் வேறொரு வரிசையில் முன்னேயும் நிற்கிறார். சராசரி என்பது ஆறு வேறுபட்ட எண்களைக் கூட்டியதால் உருவாகும் தோற்றம். மதிப்பெண் சான்றிதழைப் பிரித்துப் படிக்காமல் அடியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும் படிப்பதுதான் குடும்பங்கள் செய்யும் முதல் பிழை.

அடுத்து, காலம். இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. தேர்வு முடிவு மே மாதத் தொடக்கத்தில் வருகிறது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் அதையொட்டியே தொடங்கி, ஜூன் மாதத்தில் கலந்தாய்வு நடக்கிறது. பொறியியல் பொதுக் கலந்தாய்வோ ஜூலையில் தொடங்கி, மூன்று சுற்றுகளாக ஆகஸ்ட் வரை நீள்கிறது. கட்-ஆஃப் 190 பெற்றவருக்கு முதல் சுற்றிலேயே விடை கிடைத்துவிடும். 102.5 பெற்றவர் கடைசிச் சுற்றுவரை காத்திருக்க வேண்டும். அதாவது, யாருக்கு வழிகாட்டுதல் அதிகம் தேவையோ அவரே மிக நீண்ட காலம் நிச்சயமற்ற நிலையில் வைக்கப்படுகிறார். மே முதல் ஆகஸ்ட் வரையிலான அந்த இடைவெளியில்தான் இடைத்தரகர்களின் தொழில் நடக்கிறது. சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் அவர்களுக்குத் தரகு உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். 'இன்றே கட்டாவிட்டால் நாளை இடம் இருக்காது' என்ற வாக்கியம், கலந்தாய்வு முடிந்த பிறகும் காலி இடங்களோடு நிற்கும் கல்லூரிகளின் சார்பில்தான் அதிகம் சொல்லப்படுகிறது.

அரசு நினைத்தால் இந்த இடைவெளியைக் குறைக்க முடியும். இரு கலந்தாய்வுகளின் நாட்காட்டியையும் நெருக்கமாக அமைத்தாலே, ஒரு மாணவருக்காக இரண்டு இடங்களில் பணம் கட்டும் கொடுமை பெருமளவு குறையும். ஜூனில் கலைக் கல்லூரியில் சேர்ந்து, ஆகஸ்டில் பொறியியலுக்கு மாறுவோர் விட்டுச் செல்லும் இடங்களும் வீணாகாது. அகில இந்தியக் கலந்தாய்வுகளின் தேதிகள், இணைப்பு அனுமதி நடைமுறைகள் என்று தாமதத்துக்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் நியாயம் இருக்கலாம். அந்தத் தாமதத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்தத் தந்தைக்குத் தெரியாத இன்னொன்று, அவர் இழக்கவிருந்த தொகை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை படித்தவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை முன்னுரிமை அடிப்படையில் ஒதுக்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. இதற்குத் தனித் தரவரிசை உண்டு. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. ஆனால், கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான் இது கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த மறுகணமே அந்த உரிமை போய்விடும். இடைத்தரகர் இதைச் சொல்லவில்லை; சொன்னால் அவருடைய தொழில் நடக்காது. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு விதித்த ஆண்டுக் கட்டணம் அரசு ஒதுக்கீட்டுக்கு 50,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்குச் சற்று அதிகம். நான்கு ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பார்த்தால், எதுவும் கட்ட வேண்டியிராத ஒரு குடும்பம் லட்சக்கணக்கில் கடன் தேடி அலைவதன் அபத்தம் புரியும்.

சரி, கலந்தாய்வுக்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சுற்றில் அவர் முன் நிற்கும் கேள்வி பாடப்பிரிவா, கல்லூரியா என்பது. புகழ்பெற்ற கல்லூரிகளின் கணினி சார்ந்த இடங்கள் அதற்குள் நிரம்பியிருக்கும். பெயர் தெரியாத கல்லூரியில் கணினிப் பொறியியலோ, ஓரளவு பழைமையும் ஒழுங்கும் உள்ள கல்லூரியில் கட்டடவியலோ இயந்திரவியலோ கிடைக்கக்கூடும். பெரும்பாலான பெற்றோர் முன்னதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கருத்து வேறு. தானாகவே கற்றுக்கொள்ளும் முதல் வரிசை மாணவருக்குக் கல்லூரி ஒரு முகவரி மட்டுமே. எங்கே விட்டாலும் அவர் தப்பித்துக்கொள்வார். நடுவில் நிற்பவருக்கோ கல்லூரியின் ஆசிரியர்களும் ஆய்வகமும் வகுப்பு நடக்கும் ஒழுங்கும்தாம் எல்லாமே. எனவே, பாடப்பிரிவின் மீது அறவே வெறுப்பு இல்லாத வரை, இந்த மாணவர் கல்லூரியைப் பார்த்து முடிவெடுப்பதே மேல்.

கல்லூரியை எப்படிப் பார்ப்பது? விளம்பரத்தில் இருக்கும் கடைசி கட்-ஆஃப், அங்கே எப்படிப்பட்ட மாணவர்கள் நுழைகிறார்கள் என்பதை மட்டுமே சொல்லும். நுழைந்தவர்களை அந்தக் கல்லூரி என்ன செய்து அனுப்புகிறது என்பதைச் சொல்லாது. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவம்தோறும் வெளியிடுகிறது. ஏறக்குறைய ஒரே கட்-ஆஃப் கொண்ட மாணவர்களைச் சேர்க்கும் இரண்டு கல்லூரிகளை எடுத்து, அவற்றின் தேர்ச்சி விகிதத்தை அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு அக்கல்லூரிகளின் ஆசிரியர்கள் செய்யும் வேலை. நடுத்தர மாணவரின் பெற்றோர் பார்க்க வேண்டிய எண் அதுவே. பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், முதலாண்டில் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் நான்காம் ஆண்டின் முடிவில் நிலுவைப் பாடம் இன்றிப் பட்டம் பெற்றார்கள் என்பதைக் கல்லூரிவாரியாக வெளியிட வேண்டும். பருவத் தேர்ச்சி விகிதம் அரியர்களின் குவியலை முழுமையாகக் காட்டிவிடாது. நான்கு ஆண்டுகள் கட்டணம் கட்டி, கணிதத் தாள்கள் இரண்டு நிலுவையில் நிற்க, பட்டம் இல்லாமல் ஊர் திரும்பிய இளைஞர்கள் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்த வட்டத்தில் இருக்கிறார்கள்.

ஆசிரியர் பட்டியலையும் அப்படியே நம்புவதற்கில்லை. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரமாகப் பணியாற்றுவதாகக் காட்டப்பட்ட மோசடியை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. எனவே, இணையதளத்தில் உள்ள பெயர்களை எண்ணுவதைவிட, ஒரு வேலைநாளில் முன்னறிவிப்பு இல்லாமல் கல்லூரிக்குப் போய், காலை பதினொரு மணிக்கு எத்தனை வகுப்புகளில் பாடம் நடக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். வாயிலில் நிற்கும் இரண்டாமாண்டு மாணவர்களிடம் பத்து நிமிடம் பேசினால், கல்லூரியின் வண்ணக் கையேடு நாற்பது பக்கங்களில் சொல்லாதது தெரிந்துவிடும். இதைச் செய்யும் பெற்றோர் மிகக் குறைவு. வீடு கட்டக் கம்பி வாங்குவதற்கு நான்கு கடை ஏறி இறங்குகிறவர்கள், கல்லூரிக்கு மட்டும் ஒரு தொலைபேசி அழைப்பில் முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

நூறு சதவீத வேலைவாய்ப்பு என்ற விளம்பரம் தனி ரகம். வளாகத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்களை மட்டும் பகுதியாக வைத்துக்கொண்டால் எந்தச் சதவீதத்தையும் காட்ட முடியும். அரியர் உள்ளவர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார். ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனங்கள் பணி ஆணை தந்தால் அது மூன்றாகவும் எண்ணப்படலாம். அதிகபட்ச ஊதியம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் மாணவர் பெற்ற ஊதியம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். தம் பிள்ளை நிற்கப்போகும் இடம் அதுதானே?

கலந்தாய்வின் நடைமுறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். முதல் சுற்று மாணவர் பத்துப் பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கடைசிச் சுற்று மாணவர் அப்படிச் செய்தால் எதுவுமே ஒதுக்கப்படாமல் போகக்கூடும். மாறாக, கணக்கில்லாமல் நிரப்பும்போது, ஒருபோதும் சேர விரும்பாத கல்லூரியையும் போட்டுவைத்து, அதுவே கிடைத்துவிட்டதே என்று வருந்துவோரும் உண்டு. தற்காலிக ஒதுக்கீடு வந்த பின்னர், அதை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டே பட்டியலில் மேலே உள்ள இடத்துக்குக் காத்திருக்கலாம். மறுத்து வெளியேறவும் செய்யலாம். குறிப்பிட்ட கால அவகாசத்துக்குள் எதையும் தெரிவிக்காமல் விட்டுவிட்டால் இடம் போய்விடும். கணினி மையத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வரும் குடும்பங்களில் இது நேர்கிறது.

ஆனால், பொறியியல்தான் போக வேண்டுமா? கணிதத்தில் 49 பெற்றவர் முதலாண்டில் இரண்டு பருவங்களிலும் கணிதத்தைச் சந்தித்தாக வேண்டும். இதைச் சொன்னால் மாணவரை மட்டம் தட்டுவதாகப் பலர் கருதுகிறார்கள். பள்ளிக் கணிதத்தில் தடுமாறியவர்கள் பின்னாளில் மிளிர்ந்ததும் உண்டுதான். அதற்கு உழைப்பும் உதவியும் கிடைக்கும் சூழல் வேண்டும். கடைசிச் சுற்றில் கிடைக்கும் பல கல்லூரிகளில் அது இல்லை.

பிளஸ் 2 முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்து, பட்டயம் பெற்று, அதன் பிறகு பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாமாண்டில் சேரலாம். கூட்டிப் பார்த்தால், நான்காண்டுகளில் ஒரு பட்டம் என்பதற்குப் பதிலாக ஐந்தாண்டுகளில் ஒரு பட்டயமும் ஒரு பட்டமும். இடையில் நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு தகுதி இருக்கும். ஓர் ஆண்டு அதிகம் என்று தயங்குகிறவர்கள், அரியர் எழுதுவதில் போகும் ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே கற்ற திறனுக்குத் தொழிற்சாலை வாயிலில் இருக்கும் மதிப்பு நம் வீட்டு வரவேற்பறையில் இல்லை. துணை மருத்துவப் படிப்புகள், மீன்வளம், கால்நடை சார்ந்த தொழில்நுட்பப் படிப்புகள், சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகள், மாமல்லபுரத்தின் சிற்பக் கல்லூரி என்று இன்னும் கதவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி, தனி விண்ணப்பம், தனித் தேதி. அறிவியல் பிரிவில் எந்தத் தொகுதி எடுத்தார் என்பதே சிலவற்றைத் திறக்கும், சிலவற்றை மூடும்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் தமிழ்நாட்டில் 160-க்கும் மேல் இருக்கின்றன. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் செலவு. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. வணிகவியலுக்கும் கணினி அறிவியலுக்கும் அங்கே கடும் போட்டி. 227 மதிப்பெண்ணுக்கு நகரத்துக் கல்லூரியில் இடம் கிடைப்பது ஐயம். சற்றுத் தள்ளியிருக்கும் கல்லூரியில் கிடைக்கலாம். அங்கும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே வகுப்புகள் நடக்கும் துறைகள் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அரசுக் கல்லூரி என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தவறான முடிவாகிப் போனாலும் குடும்பம் கடனில் மூழ்காது என்பது மட்டும் உறுதி.

மீண்டும் அந்தக் கோப்புக்கு வருவோம். சேர்க்கையிலிருந்து விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் தெளிவான அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களோ அதற்கும் மேலோ முன்னதாக விலகினால் முழுத்தொகை. அதன் பிறகு படிப்படியாகக் குறைந்து, கடைசி நாள் முடிந்து முப்பது நாட்களுக்குப் பிறகே தொகை முற்றிலும் இல்லை என்றாகும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தந்துவிட வேண்டும். கல்லூரி அவற்றைப் பிடித்துவைக்கக் கூடாது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலும் இதேபோன்ற விதிகளை வைத்திருக்கிறது. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், அந்தக் கல்லூரி அலுவலகத்தில், "முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அறிவிக்கையின் நகலை இணைத்து, புகார் மனு எழுதி, இரண்டு முறை நேரில் போன பிறகு, ஜூலை கடைசியில் சான்றிதழ்கள் வந்தன. 25,000 ரூபாய் இதுவரை வரவில்லை. அதைத் துரத்துவதற்கு எடுக்க வேண்டிய விடுப்பில் இழக்கும் கூலியே அதைவிட அதிகமாகிவிடும் என்று அவர் விட்டுவிட்டார். விதியை மீறுகிறவர்கள் நம்பியிருப்பதும் இந்தக் கணக்கைத்தான். அபராதம் விதிக்கப்பட்ட கல்லூரிகளின் பெயர்களைச் சேர்க்கைக் காலத்துக்கு முன்பே வெளியிட்டால் இந்தக் கணக்கு மாறக்கூடும்.

இத்தனைக்கும் நடுவே அந்தப் பையனிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. முதல் நாள் சந்திப்பிலேயே கேட்டேன். தந்தையைப் பார்த்துவிட்டு, "கணக்கு இல்லாத எதுவானாலும் சரி" என்றான். கணினி அறிவியல் பட்டப்படிப்பிலும் கணிதம் துணைப்பாடமாக வரும் என்றபோது சற்று யோசித்தான். "ஒன்றிரண்டு தாள் என்றால் படித்துவிடுவேன்" என்றான். பன்னிரண்டாம் வகுப்பில் நிரல் எழுதும் பாடத்தில் மட்டும் தன்னால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தது என்றும் சொன்னான். தன் பலம் எது, பலவீனம் எது என்று பதினேழு வயதில் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. நான் முதல்வன், கல்லூரிக் கனவு போன்ற திட்டங்களின் கீழ் இன்று பள்ளிகளில் வழிகாட்டுதல் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அரங்கில் ஐந்நூறு பேரை உட்காரவைத்து ஒலிபெருக்கியில் படிப்புகளின் பெயர்களை அடுக்குவதோடு அவற்றில் பல முடிந்துவிடுகின்றன. மதிப்பெண் சான்றிதழையும் மாணவரையும் ஒன்றாக உட்காரவைத்து அரை மணி நேரம் பேசுவதற்கு, மேல்நிலைப் பள்ளிதோறும் மே, ஜூன் இரு மாதங்களுக்காவது பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் வேண்டும். அதற்கான செலவு பெரிதல்ல.

சான்றிதழ்கள் வந்து சேர்ந்தபோது அரசுக் கல்லூரிகளின் கலந்தாய்வுகள் முடிந்து, காலி இடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டரில் உள்ள ஒரு கல்லூரியில் கணினி அறிவியலில் ஓர் இடம் இருந்தது. வகுப்புகள் தொடங்கி ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. காலை ஏழேகால் பேருந்தைப் பிடித்தால்தான் முதல் வகுப்புக்குப் போக முடியும் என்கிறார் தந்தை. முதல் பருவத்தில் கணிதத் தாளில் பையன் 52 வாங்கியிருக்கிறான்.